சாகாமத்துக் கற்களும் பொதுத் தேசப்படமும்

கல்முனையிலிருந்து பொத்துவிலை நோக்கித் தெற்கே செல்லும் பெருவீதி கடலைவிட்டு நெடுந்தூரம் விலகுவதில்லை. காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டாற்போலக் கிடக்கின்றன. இவ்வழிச் செல்வோர் இடப்பக்கத்தே மணலையும் தென்னையையும் வலப்பக்கத்தே வயல்வட்டைகளையும் காண்பர். வயல்களுக்கு அப்பால், அடிவானத்தையொட்டிச் சாம்பல் நிறத் திரள்கள் சில தோன்றும். மாரியிலே முகிலென்றும் கோடையிலே யானைக் கூட்டமென்றும் மயங்கத்தக்க அவை கற்குன்றுகளாம். மேற்கே திரும்பிச் சாகாமத்தை அடைந்தோமாயின் அக்கற்களின் நாட்டிலே நாம் புகுந்துவிடுகிறோம். இக்கட்டுரை அக்கற்களைப் பற்றியது; இன்னும் திட்டமாகக் கூறின், அவற்றை எல்லாரும் எழுதவும் எல்லாரும் படிக்கவும் தக்க ஒரு பொதுப் படத்திலே பதிவுசெய்வது எவ்வாறு என்பதைப் பற்றியது.

நிலத்தின் கீழுள்ள பாறை மண்ணாகிய போர்வையை விலக்கித் தலைநீட்டும் இடத்தைப் புவிச்சரிதவியலார் வெளியரும்பு என்பர். சொல் அழகியதே, ஆயினும் உண்மையில் அரும்புவது பாறையன்று. அதன்மேற் கிடந்த மண் மழையாலும் ஆற்றாலும் அரிக்கப்பட்டுக் கழிந்துபோகப் பாறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கீழைக் கரையின் வயல்நிலத்திலே வண்டலும் களியும், மேட்டுநிலத்திலே கிறவலும் செம்மண்ணும் அடிப்பாறையை மூடியுள்ளன. கிணறு வெட்டுவோர் தவிர வேறெவரும் அதனைக் காண்பது அரிது. ஆகவே இந்நிலம் எதனாலாயது, எவ்வாறு உண்டாயிற்று என்று வினாவுவோர்க்கு விடைகூறத்தக்க சான்றுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் இவ்வெளியரும்புகளே. செல்லரித்த ஏட்டிலே எஞ்சிய சில எழுத்துக்களைக் கொண்டு பாட்டு முழுவதையும் மீட்க முயலும் பதிப்பாசிரியனின் நிலையே புவிச்சரிதவியலானின் நிலையும். ஏட்டுக்கேனும் வேறு படி கிடைத்தல் கூடும். பாறைக்குப் படி இல்லை.

சாகாமத்துக் கல்லை அணுகிப் பார்ப்போம். தூரத்திலே ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றியது அண்மையிலே பட்டை பட்டையாகப் பிரிகின்றது. வெளிறிய பட்டைகளிலே படிகக்கல்லும் பெல்சுப்பாரும், கரிய பட்டைகளிலே ஓண்பிளெண்டும் கருமைக்காவும் திரண்டிருக்கக் காணலாம். இத்தகைய பட்டைப் பாறையை நைசு என்பர். முன்னர் வேறு பாறையாக இருந்து, நிலத்தின் கீழே பல கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறியது இது. சில இடங்களிற் பட்டைகள் துணியை மடித்தாற்போல மடிந்தும், சில இடங்களில் ஊதா கலந்த வெண்மையுடைய கருங்கல் நரம்புகள் குறுக்கே ஓடியும் இருக்கும். மாணவர்கள் இந்நரம்புகளை வெறும் அழகென்று கருதிப் போய்விடுவர். எது எதனை வெட்டிச் செல்கின்றது என்று நோக்கினால், வெட்டுவது பிந்தியது, வெட்டப்படுவது முந்தியது என்ற எளிய விதியைக் கொண்டே ஒரு கல்லின் வரலாற்றை ஓரளவு எழுதிவிடலாம். அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை.

இலங்கையின் பெரும்பகுதி இத்தகைய தொன்மையான பளிங்குருப் பாறைகளாலாயது. 1991 ஆம் ஆண்டில் குரோனர், கூரே, விதானகே ஆகியோர் இப்பாறைகளை வன்னித் தொகுதி, உயர்நிலத் தொகுதி, விசயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி என வகுத்தனர். கீழைக் கரையும் அதன் பின்னிலமும் விசயன் தொகுதியைச் சார்ந்தவை. இதன் பாறைகள் முதலில் உருவாகிய காலம் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முந்தியதென்றும், மலைநாட்டின் உயர்நிலத் தொகுதிப் பாறைகளிலுள்ள பொருள் 200 கோடி ஆண்டுக்கும் மூத்ததென்றும் கதிரியக்க முறையாற் கணித்துள்ளனர். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, மடகாசுகர், அந்தாட்டிக்கா, ஆபிரிக்கா ஆகியன கொண்டுவானா என்னும் பெருநிலமாகக் கூடிய காலத்தில், இவ்விரு தொகுதிகளும் மோதி ஒன்றன்மேல் ஒன்று தள்ளப்பட்டன. சாகாமத்திலே நாம் மிதிக்கும் கல் அம்மோதலிலே ஒரு தரப்பைச் சார்ந்தது.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்றோர் இதனை வேறொரு வகையில் அறிவர். திருக்கோவிலிற் சித்திர வேலாயுதரை வணங்கிச் சங்கமன்கண்டி, பொத்துவில், உகந்தை வழியாகக் காட்டினுள்ளே செல்லும் அடியார்கள் விசயன் தொகுதிப் பாறைகளின் மேலேயே நாட்கணக்காக நடக்கின்றனர். உகந்தையில் வள்ளியம்மன் மலைமேலுள்ள சுனைகள் அவர்களின் தாகத்தைத் தணிப்பன. அச்சுனைகள் மனிதர் வெட்டியவையல்ல. பாறையின் மேற்பரப்பிலே தங்கிய நீர் பெல்சுப்பாரை மெல்ல மெல்லச் சிதைக்க, வானிலையாலழிதலாற் குழிந்தவை. கதிர்காமத்தை அடைந்ததும் நிலம் மாறிவிடுகின்றது. அங்குள்ள குன்றுகள் உயர்நிலத் தொகுதிப் பாறைகளாலானவை. மேலே தள்ளப்பட்ட பாறைப் போர்வையின் பெரும்பகுதி அரிப்புண்டுபோக, எஞ்சிய ஒரு துண்டு விசயன் பாறையின்மேல் தனித்துக் கிடக்கின்றதென்பது புவிச்சரிதவியலார் கருத்து. வள்ளிமலையையும் கதிரைமலையையும் இணைக்கும் யாத்திரை, இரு பழைய நிலங்களின் எல்லையைக் கடக்கும் யாத்திரையுமாகும்.

எல்லையென்று எளிதிற் கூறிவிடுகிறோம். பாடநூற் படங்களிலே உயர்நிலத் தொகுதிக்கும் விசயன் தொகுதிக்கும் இடையே ஒரு கோடு அழுத்தமாகக் கீறப்பட்டிருக்கும். மகாஓயா முதலிய வெந்நீரூற்றுக்கள் பல அதற்கு அணித்தாக அமைந்துள்ளன. நிலத்திலே அப்படியொரு கோட்டை எவரும் கண்டதில்லை. இங்கொரு வெளியரும்பிற் சார்னோக்கைற்று, அங்கொரு வெளியரும்பில் ஓண்பிளெண்டு நைசு. இரண்டுக்கும் இடையே சில கிலோமீற்றருக்குக் காடும் வயலும். இடையிலே கோட்டைக் கீறியவர் ஆய்வாளர். வெளியரும்புகள் கூடக்கூட அக்கோடு உண்மையை நெருங்கும். குறையக்குறைய ஊகமே மிஞ்சும்.

இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தல் தகும். நாட்டின் புவிச்சரிதப் படங்கள் 1:100,000 என்னும் அளவுத்திட்டத்தில் வெளியிடப்பட்டுள்ளன. அதாவது நிலத்தில் 100 மீற்றர் படத்தில் 1 மில்லிமீற்றர். நமது கல்லூரி விளையாட்டிடத்துக்கு ஒப்பான ஒரு பாறைமுதுகு அப்படத்திலே பேனை முனையிட்ட புள்ளியளவே இருக்கும். எனவே அது காட்டப்படுவதேயில்லை. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படத்தில் 1 மில்லிமீற்றருக்கு 63 மீற்றர்; பின்னர் வந்த 1:50,000 படத்தில் 50 மீற்றர். அவற்றிலே பெருங்குன்றுகள் சில பெயருடன் இடம்பெற்றன. ஆயினும் அவை நிலத்தின் வடிவைக் காட்டுவனவேயன்றிக் கல்லின் தன்மையைக் கூறுவன அல்ல. குறை எவருடையதும் அன்று. ஒரு தாளிலே எழுதத்தக்கது அவ்வளவே. தாள் என்னும் தளை நீங்கிய இக்காலத்தில் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே எழுதலாம் என்பதே நமக்குப் புதிதாகக் கிடைத்த வாய்ப்பு.

கற்களை ஒவ்வொன்றாக நடந்து பார்த்த ஒருவரை இங்கு நினைவுகூராதிருத்தல் இயலாது. 1903 ஆம் ஆண்டிலே தொடங்கிய இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி. கலைவரலாற்றறிஞராக உலகம் போற்றும் அவர், அதற்கு முன் சுத்தியலும் பையுமாக இத்தீவின் காடுகளில் அலைந்த புவிச்சரிதவியலார் என்பதை நம் மாணவர்களிற் பலர் அறியார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904 இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. கற்களைத் தேடிச் சென்ற கிராமங்களிலேதான் கம்மியரையும் நெசவாளரையும் அவர் கண்டார். அவ்வழியே அவருடைய பிற்கால நூல்கள் பிறந்தன. ஒரு கல்லைத் தேடிச் செல்பவன் அதன் அருகே வாழும் மனிதரையும் சந்திக்கவேண்டியவனாகிறான். இதனைப் பின்னர் விரித்துக் கூறுவேன்.

இனி, இதற்கு ஏன் இத்துணை அவசரம் என்று கேட்கலாம். நூறு கோடி ஆண்டு நின்ற கல் இன்னும் நிற்காதோ? நிற்காது. வீட்டு அத்திவாரத்துக்கும் வீதிக்கும் பாலத்துக்கும் கருங்கல் வேண்டும். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் இக்கரையோர ஊர்கள் முழுவதும் மீளக் கட்டப்பட்டன. ஒலுவிற் துறைமுகத்தின் அலைதடுப்புகளுக்கு மலையளவு கல் கடலிலே கொட்டப்பட்டது. இவையெல்லாம் வேண்டாதவை என்று கூறுவது அறியாமை. கல்லுடைத்து வாழும் குடும்பங்களும் உள. ஆனால் வெடிவைத்துச் சல்லியாக்கப்பட்ட குன்று எதற்கும் சான்றாகாது. சல்லியிலே பட்டை எத்திசையில் ஓடியது, நரம்பு எதனை வெட்டியது என்பன அழிந்துவிடும்.

சென்னைக்கு அணித்தான பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கதை இங்கே ஒப்புநோக்கத்தக்கது. கல்கத்தாவிலே யோபு சார்னொக்கு என்னும் கும்பினி அதிகாரியின் சமாதிக் கல்லை 1893 இல் ஆராய்ந்த தோமசு ஓலந்து, அது பல்லாவரக் கல்லோடு ஒத்தது என்று கண்டு, அவர் பெயராலேயே அப்பாறை வகைக்குச் சார்னோக்கைற்று எனப் பெயரிட்டார். அண்டாட்டிக்கா வரை உலகெங்கும் வழங்கும் அப்பெயருக்கு மூலவிடமான அக்குன்றுகளுள்ளும் பல கல்லுடைப்பால் நீர் நிறைந்த குழிகளாயின. ஓரிடத்தை மட்டும் இந்தியப் புவிச்சரிதவியல் அளவை தேசியச் சின்னமாகக் காத்துள்ளது. உலகப் புகழ்பெற்ற கல்லுக்கே இக்கதியென்றால், பெயரறியாச் சாகாமத்துக் கல்லுக்காக எவர் வேலியிடுவார்? வேலியிட முடியாதபோது எழுதிவைத்தலாவது வேண்டும்.

எழுதிவைத்தல் இதுவரை ஏன் நிகழவில்லை என்பதற்கு ஒரு காரணத்தை நம் வாசகர் அறிவர். போர்க்காலத்திலே, 2007 வரை, சாகாமம், கஞ்சிகுடிச்சாறு முதலிய இடங்களுக்கு அப்பாலுள்ள காடுகளுட் சென்று ஆறுதலாகக் கல்லைப் பார்க்கும் நிலை எவர்க்கும் இருக்கவில்லை. ஒரு தலைமுறை மாணவர் தம் ஊருக்கு மேற்கே என்ன இருக்கின்றதென்பதைப் படத்திலே மட்டும் கண்டு வளர்ந்தனர்.

இங்கிலாந்திலும் ஏனைய மேனாடுகளிலும் இத்துறையில் முயற்சிகள் முன்னரே நிகழ்ந்துள்ளன. பிரித்தானியாவில் 1977 இல் தொடங்கிய மீளாய்வொன்று மூவாயிரத்துக்கு மேற்பட்ட புவிச்சரிதச் சிறப்பிடங்களைத் தெரிந்தெடுத்தது. அங்கு அரசும் சங்கங்களும் பொருளுதவின. நமக்கு அண்மையிலுள்ள முன்மாதிரி வேறு. 2004 ஆம் ஆண்டில் தீவு கோசுற்று என்னும் ஆங்கில இளைஞர் தொடங்கிய ஓப்பன் சிறீற்று மாப்பு என்னும் பொதுத் தேசப்படம் கலைக்களஞ்சியம் போன்றது. எவரும் அதிலே எழுதலாம், எவரும் அதனை எடுத்தாளலாம், எடுத்தாள்வோர் மூலத்தைக் கூறித் தாம் சேர்த்ததையும் அவ்வாறே பகிர்தல் வேண்டும். இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் 2012 இல் தொடங்கிய முயற்சியொன்றிலே, மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரிவில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் இப்படத்திற் குறிக்கப்பட்டன. வெள்ளம் வருமிடத்து எந்த வீடு, எந்த வீதி என்று அறிவதே நோக்கம். மட்டக்களப்பில் வீடுகளை எண்ண முடியுமாயின் சாகாமத்திற் கற்களை எண்ண முடியாதா? அப்படத்தின் குறியீட்டு மரபிலே வெற்றுப்பாறைப் பரப்புக்கு ஒரு குறியும், புவிச்சரித வெளியரும்புக்கு வேறொரு குறியும் ஏற்கெனவே உள்ளன.

எனினும் அப்படம் ஒன்றே போதாது. அதன் விதி, நிலத்திலே இன்று உள்ளதையே படத்திற் காட்டவேண்டும் என்பது. உடைக்கப்பட்ட கல்லை அதிலிருந்து அழித்துவிடுதலே முறை. நமக்கோ உடைக்கப்பட்ட கல்லும் வேண்டும். ஆதலின் இடத்தையும் வடிவையும் பொதுப் படத்திற் குறித்து, கல்லின் விவரத்தைத் தனியானதொரு தரவுத்தளத்திலே வைத்து, இரண்டையும் ஓர் இலக்கத்தால் இணைப்பது நன்று.

அத்தளத்தில் எழுதவேண்டியவை எவை? முதலாவது இடம். கைப்பேசியிலுள்ள செய்மதிக் கருவி திறந்த வெளியில் ஐந்து முதல் பத்து மீற்றர் வழுவுக்குள் இடத்தைக் காட்டும். காட்டிலே வழு மிகும். இது நம் தேவைக்குப் போதும். ஆனால் ஒரு பொறி உண்டு. பழைய நிலவளவைப் படங்கள் பீதுருதாலகாலையைத் தொடக்கமாகக் கொண்டு அவ்விடத்துக்கு 200,000 மீற்றர் என எண்ணிடுகின்றன. 1999 ஆம் ஆண்டு முறையிலே அதே இடம் 500,000 மீற்றர். கைப்பேசி தருவதோ உலகப் பொதுமுறையிலமைந்த அகலாங்கும் நெட்டாங்கும். எம்முறையென்று குறியாது எண்களை மட்டும் எழுதினால் கல் நூறு மீற்றருக்கு மேல் விலகி வயலின் நடுவே போய் நிற்கும். சிலவேளை கடலிலும் மிதக்கும். எண்ணை எழுதுமிடத்து முறையையும் எழுதுக.

இரண்டாவது, கண்டது வேறு கருதியது வேறு என்ற பாகுபாடு. இதனை மாணவர் மனத்திற் பதிப்பதே கடினம். "விசயன் தொகுதிக் கருங்கல் நைசு" என்று எழுதுவது கருத்து. "வெளிறிய பட்டையும் கரிய பட்டையும் மாறிமாறி வருகின்றன, கரிய பட்டை இரு விரலகலம், கரிய மணிகள் நீண்டு மின்னுகின்றன, பட்டைகள் வடக்கு நோக்கி ஓடி மேற்கே சாய்கின்றன" என்று எழுதுவது காட்சி. கருத்து ஐம்பது ஆண்டிலே மாறிவிடும். பி. ஜி. கூரே 1967 இல் இலங்கைப் புவிச்சரிதவியலுக்கு ஒரு சிறந்த அறிமுக நூல் எழுதினார். அதிலுள்ள பாகுபாட்டுப் பெயர்கள் 1991 இன் பின் மாறின, அவரே அம்மாற்றத்திற் பங்குகொண்டார். ஆனால் அக்காலத்தவர் கல்லருகே நின்று எழுதிய காட்சி இன்றும் பயன்படுகின்றது. ஆகையால் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். கருத்துக் கட்டம் வெறுமையாயிருந்தாலும் குற்றமில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி காட்சிக் கட்டத்தை நேர்மையாக நிரப்பினாற் பேராசிரியர் கருத்துக் கட்டத்தைப் பின்னர் நிரப்பிக்கொள்ளலாம்.

ஒளிப்படம் எடுக்குமிடத்து அளவு தெரியும்படி பேனையையோ தொப்பியையோ கல்லின்மேல் வைத்தல் வேண்டும். அளவில்லாத படத்தில் மலையும் மலைக்கல்லும் ஒன்றே. கல்லின்மேல் நம் பெயரைப் பொறிக்காது வருதலும் ஒரு விதியாக எழுதப்படத்தக்கது. அத்தகைய கல்வெட்டுக்கள் நம் சுற்றுலாத் தலங்களிற் போதியன உள்ளன.

இனிப் பெயர். இங்கேதான் கல்லறிவு மனிதரறிவாகின்றது. கல்முனை என்னும் ஊர்ப்பெயரிலேயே கல் இருக்கிறது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் ஆறு தமிழில் முன்னர் பட்டிப்பளை ஆறு எனப்பட்டது. ஒரே நீர், இரு பெயர், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவு. குன்றுகளும் இவ்வாறே. திருக்கோவிற் பக்கத்துத் தமிழர் ஒரு பெயரும், அக்கரைப்பற்று முஸ்லிம் கமக்காரர் வேறொரு பெயரும், மேற்கேயுள்ள சிங்களக் குடியேற்றத்தார் இன்னொரு பெயரும் ஒரே கல்லுக்கு வழங்குதல் வியப்பன்று. எது சரியான பெயர் என்று கேட்பது தவறான வினா. யார், எவ்வூரில், எவ்வாறு ஒலிக்கின்றனர் என்பதே பதிவுக்குரியது. பெயர்க் கட்டம் ஒன்றாயிருப்பின் அதனை நிரப்புபவன் நீதிபதியாகிவிடுகிறான். மூன்றாகவோ ஐந்தாகவோ இருப்பின் எழுத்தனாகவே இருப்பான். அச்சிட்ட படங்களிலிருந்து பெயரைப் பெயர்த்தெழுதுதல் பதிப்புரிமைச் சட்டத்தாலும் தடுக்கப்பட்டது. எனவே நடந்து சென்று கேட்பதே வழி. நல்ல வேளை!

அவ்வாறு கேட்கச் சென்ற ஒருநாள், வயல் வரம்பிலே நின்ற வட்டைவிதானை ஒருவர் எங்களைத் திருப்பிக் கேட்டார்: "தம்பி, இந்தக் கல்லை நீங்க படத்தில போட்டா, நாளைக்கு ஆரு வருவாங்க?" முதியவர், மூன்று தலைமுறையாக அவ்வட்டையிலே செய்கைபண்ணும் முஸ்லிம் குடும்பத்தவர். அவருடைய வினாவுக்கு நான் அன்று உடன் விடை கூறவில்லை.

அவ்வினா வெறும் அச்சத்தாற் பிறந்ததன்று. கிழக்கு மாகாணத்தில் பாறை என்பது பாறை மட்டுமன்று. பல பாறைகளிலே பிராமிக் கல்வெட்டுக்களும் துறவியர் குகைகளும் உள்ளன. பல பாறைகளின் உச்சியிலே பிள்ளையாரும் முருகனும் எழுந்தருளியுள்ளனர். சிலவற்றின் அடிவாரத்திலே பரம்பரை வயல்கள். 2020 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே இம்மாகாணத் தொல்பொருள் மரபுகளை முகாமைசெய்ய அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. திருக்கோவிற் கரையில் இல்மனைற்று மணலை அகழ்வதற்கு எதிராக மக்கள் திரண்டதையும் நாம் கண்டோம். நிலத்தைப் பற்றிய அறிவு எப்போதும் நிலத்தில் வாழ்வோரின் கையிலே இருப்பதில்லை என்பதை அம்முதியவர் நன்கறிவார். கல்லுடைப்போனும் படத்தைப் பார்ப்பான். புதையல் தோண்டுவோனும் பார்ப்பான். உரிமை கோருவோனும் பார்ப்பான்.

எனவே பொதுப் படம் என்பதால் எல்லாவற்றையும் பொதுவில் இடவேண்டும் என்பது பொருளன்று. என் துணிபு இது: பெருவீதியிலிருந்தும் பொது நிலத்திலிருந்தும் எவரும் காணத்தக்க குன்றுகளைத் தயக்கமின்றிக் குறிக்கலாம். தனியார் வயலிலுள்ள கல்லை உடையவரின் ஒப்புதலின்றிக் குறித்தல் ஆகாது. எழுத்துப் பொறித்த பாறை, குகை, அரிய கனிப்பொருள் உள்ள இடம் ஆகியவற்றை விவரத்தோடு எழுதி, இடத்தை மட்டும் ஒரு கிலோமீற்றர்ச் சதுரத்தளவுக்கு மங்கலாக்கிக் காட்டலாம். அரிய உயிரினங்களின் வாழிடத்தைக் காட்டுவோர் கையாளும் முறையும் இதுவே. நுண்ணிய இடக்குறிப்பு பொறுப்பானவர்களிடம் இருக்கட்டும். இதனால் ஆய்வுக்குச் சிறிது இடையூறு உண்டு என்று நண்பரொருவர் வாதித்தார். உண்மையே; ஊராரின் நம்பிக்கையை இழந்தால் ஆய்வே இல்லை என்பது அதனினும் பெரிய உண்மை.

மறுபுறத்தையும் கூறுதல் வேண்டும். மறைத்துவைத்தலும் காப்பதில்லை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி கல்லுடைக்க அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அச்சட்டத்தால் அமைந்த புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் அதனை வழங்குகின்றது. ஒரு குன்றை உடைக்க விண்ணப்பம் வரும்போது, அக்குன்றிலே இன்னது உண்டு, இன்ன ஆண்டிலே இவ்வாறு இருந்தது என்று நாளிட்ட படத்துடன் பொதுப் பதிவொன்று இருக்குமாயின், ஊராருக்குப் பேசுவதற்கு ஓர் ஆதாரம் உண்டு. பதிவில்லாத கல்லுக்காக எவரும் வாதாடுவது அரிது. ஆகவே வட்டைவிதானையின் வினாவுக்கு விடை இருவகைத்து: கெட்டவரும் வரலாம், ஆனால் அவர் வரும்போது உம்முடைய சொல்லும் அங்கே எழுதப்பட்டிருக்கும். மறுமுறை சென்றபோது அவரிடம் இதனையே கூறினேன். அவர் ஒப்பியதாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை. தேநீர் தந்தார்.

இத்தரவுத்தளத்தை எவர் பேணுவது? ஓர் ஆசிரியரின் கணினியிலே இருந்தால் அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளில் அதுவும் போய்விடும். நம் பாடசாலை அருங்காட்சிப் பெட்டிகளிற் பெயர்ச்சீட்டு உதிர்ந்த கற்களைக் கண்டோர் இதனை உணர்வர். ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தலும் நன்றன்று. ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் புவியியலைக் கற்பிக்கின்றது; சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் உள்ளது; வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகமும், பேராதனையிற் புவிச்சரிதவியல் துறையும் உள்ளன. கரையோரப் பாடசாலைகள் எழுதியதை இவற்றுள் இரண்டேனும் படியெடுத்து வைத்திருத்தல் நன்று. தரவு எளிய அட்டவணையாக, எக்கணினியாலும் திறக்கத்தக்கதாக இருக்கட்டும். பகட்டான செயலிகள் ஐந்தாண்டிலே பழுதாகின்றன, அட்டவணை நிலைக்கின்றது. மாற்றம் செய்தவர், நாள், காரணம் ஆகியன ஒவ்வொரு வரியிலும் பதியப்பட வேண்டும். தவறெனக் கண்டதை அழியாது, தவறென்று குறித்து அருகே திருத்தத்தை எழுதுதல் சிறப்பு.

இங்கே தமிழில் எழுதுதலைப் பற்றியும் ஒரு சொல். பாறைப் பெயர்களுக்கு நம் பாடநூல்கள் தந்த தமிழ்ச்சொற்கள் பல இன்று மறக்கப்படுகின்றன. கல்லை உடைப்போரிடமும் கிணறு வெட்டுவோரிடமும் வேறு சொற்கள் வாழ்கின்றன. எக்கல் எளிதிற் பிளக்கும், எக்கல் உளியை மழுக்கும், எதன் கீழே தண்ணீர் உண்டு என்பதை அவர்கள் ஒரு சொல்லாற் கூறிவிடுவர். அச்சொற்களையும் காட்சிக் கட்டத்திலே எழுதும்படி மாணவரை ஏவினேன். முதலிற் சிரித்தனர், பின்னர் அதிலேயே மிக ஆர்வங்கொண்டனர்.

எங்கள் அட்டவணையின் இறுதிக் கட்டத்துக்கு 'நிலை' என்று பெயர். முழுமை, பகுதி உடைந்தது, இல்லை என மூன்று விடைகளே அதற்கு உண்டு. வட்டைவிதானை அன்று தேநீருக்குப் பின் எங்களைத் தம் வயலின் மேற்கு ஓரத்துக்கு அழைத்துச் சென்று, ஆம்பல் படர்ந்த ஒரு நீர்க்குழியைக் காட்டினார். அவருடைய தகப்பனார் காலத்தில் அங்கே ஆளுயரக் கல்லொன்று நின்றதாம். வட்டைக்கு இன்றும் அக்கல்லின் பெயரே வழங்குகின்றது. குழியின் விளிம்பிலே ஓரடி அகலத்தில் எஞ்சிய பாறையிற் கரிய பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. மாணவி ஒருத்தி பேனையை வைத்துப் படமெடுத்து, பட்டை ஓடிய திசையை அளந்தாள். குழியின் நீள அகலம், கல்லின் உயரம் முதியவர் கூறியபடி, பெயர் அவர் ஒலித்தபடி, நிலை: இல்லை. எங்கள் அட்டவணையின் முதல் வரி அது.